ஒழுகாத விளக்கு

தேவசிகாமணியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. அவர் பூட்டிய குழாய் ஒழுகாது. நன்றாகப் பாடுவார் என்றோ, தாராள மனசுக்காரர் என்றோ, யோசித்துப் பேசுகிறவர் என்றோ அவரை அறிந்த யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரே மறுத்திருப்பார். ஒழுகாது என்பதை மட்டும் அவரிடம் யாராவது மறுத்தால், அன்றைக்கு அந்த ஆளுக்கு வேறு வேலை நடக்காது.

ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகிற பாதையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் பத்தொன்பது வருஷமாகப் பைப் ஃபிட்டர். மேலே பாறைக்கடியில் ஊறுகிற தண்ணீரைப் பங்களாவுக்கும், காப்பிப்பழம் தோலுரிக்கிற கொட்டகைக்கும், ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கும் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பொறுப்பு. உலகத்தில் நடக்கிற தப்பெல்லாம் எங்கோ ஒரு குழாயின் முனை திறந்து கிடப்பதால் நடக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். இதைவிட மோசமான கொள்கைகளை வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஆட்கள் காலம் தள்ளியிருக்கிறார்கள் என்பதால், இதற்காக அவரைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

ஆனால் கேலி செய்தார்கள். கல்யாணமான புதிதில் அடுப்படியில் ஓர் இரும்புக் குழாய் இரண்டு பக்கமும் திறந்து கிடப்பதைப் பார்த்து மனசு பொறுக்காமல், இரண்டு முனையிலும் டம்மி பூட்டி வைத்துவிட்டார். டம்மி என்பது குழாயின் வாயை அடைக்கிற மூடி. அவர் அடைத்தது மனைவி மரியசெல்வியின் ஊதாங்குழல். அவள் காலையில் அதை வாயில் வைத்து, கன்னம் புடைக்க ஊதி, கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அடுப்பு ஊதறதை எதுக்குங்க அடைச்சு வெச்சீங்க?"

"தொறந்து கெடந்துச்சு."

"தொறந்து கெடந்தாத்தானுங்க காத்து போகும்?"

"அது செரி. ஆனா தொறந்து கெடந்துச்சே."

மரியசெல்வி ஊதாங்குழலைக் கழற்றச் சொல்லி அவரிடமே நீட்டினாள். அவள் கெட்டிக்காரி. எட்டாவது வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எழுத்துக் கூட்டாமல், மூச்சு வாங்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பாள். எஸ்டேட் ஓரத்தில் இருந்த சின்ன மாதா கோயிலில், செப்டம்பர் திருவிழாக் காலைப் பூசையில் வாசகம் வாசிப்பது எப்போதும் அவள்தான். வருஷத்தில் அந்த ஐந்து நிமிஷம்தான் அவளுக்குச் சொந்தமானது. மற்றதெல்லாம் சமையலுக்கும் காப்பிக் களையெடுப்புக்கும் போய்விடும்.

அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் 1983ஆம் வருஷம் கேடு வந்தது.

கேடு ஒரு டியூப் லைட்டின் வடிவத்தில் வந்தது. அதை மாட்டியவன் மரியசெல்வியின் தம்பி ஏசுராஜ். ஏற்காட்டில் வயரிங் வேலை செய்கிறவன். செப்டம்பர் மாதம் மலையில் காலை ஆறு மணிக்குப் பனிமூட்டம் கோயிலுக்குள்ளேயே வந்து நிற்கும். அதோடு வோல்டேஜும் குறைவு. வாசக மேடைக்கு மேலே டியூப் லைட் எரிவதும் அணைவதுமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. அன்பைப் பற்றிய வாசகம். 'பொறுமை' என்ற சொல் வருகிற இடத்தில் லைட் அணைந்தது. மரியசெல்வி தயங்காமல் கணீரென்று 'எருமை' என்று வாசித்தாள்.

அன்பு எருமையுள்ளது என்று கேட்டுவிட்டு ஜனங்கள் பக்தியோடு தலையாட்டினார்கள். இரண்டாவது வரிசையில் யாரோ கனைத்தார்கள். பிறகு கோயிலே குலுங்கியது.

அன்றிலிருந்து ஒரு வருஷம் அவளால் பைப்படிக்குப் போக முடியவில்லை. "மரியக்கா, அன்பு இன்னிக்கி எத்தன லிட்டர் கறந்துச்சு?" என்பார்கள். "அன்புக்குப் புல்லு வேணுமுங்களா?" என்பார்கள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு. அவளுக்கு அந்த வாசகத்தை இன்னொரு முறை, அதே இடத்தில் நின்று, சரியாக வாசித்தால் ஒழியத் தீராது என்று பட்டது.

அடுத்த வருஷம் கொடியேற்றத்தன்று, பூசை முடிந்து கணக்குப்பிள்ளை முதல் களையெடுக்கிற பெண்கள் வரை எல்லாரும் கூடியிருக்கும்போது, பங்குச்சாமியார் லூர்துராஜிடம் அவள் நேராகவே கேட்டாள்.

"ஃபாதர், இந்த வருஷமும் அதே வாசகத்தை எனக்குக் குடுங்க. ஆனா அந்தக் கண்ணடிக்கிற லைட்டுக்கு அடியில நிக்க மாட்டேனுங்க."

"அது லைட்டோட குத்தமில்லீங்க ஃபாதர், வோல்டேஜு" என்றான் ஏசுராஜ். "எங்க ஊட்டுல தேவகுமாரி அதே வாசகத்தை மனப்பாடமா வெச்சிருக்குது. இருட்டுலயே சொல்லிப்போடும்."

தேவகுமாரி அவன் மனைவி. அடக்கமாகத் தலைகுனிந்தாள். அந்த அடக்கம் மரியசெல்விக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து தேவசிகாமணி எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை.

"குண்டு பல்பு கண்ணடிக்காதுங்க. வோல்டேஜு கொறைஞ்சாலும் மங்கலா நின்னு எரியும். நான் ஒரு விளக்குப் பண்ணித் தர்றேன்."

"மாமா, நீங்க தண்ணி வேலை பாக்கறவருங்க. இது கரண்ட்டு. கண்ணுக்குத் தெரியாது."

"உள்ள போறது எதுவானாலும் வெளிய இருக்கறது குழாய்தான் மாப்ளே."

ஃபாதர் நாள் குறித்தார். எட்டாம் நாள் சாயங்காலத்துக்குள் விளக்கு எரிந்தால் மரியசெல்வி. எரியாவிட்டால் தேவகுமாரி.

வீட்டு வாசலுக்கு வந்ததும் மரியசெல்வி சொன்னாள்: "இத்தன வருசத்துல எனக்காக எந்திரிச்சது இன்னிக்கித்தான். கெடுத்துப்போடாதீங்க."

பங்களாவின் பழைய பாய்லரைக் கழற்றிப் போட்டபோது மிஞ்சிய செம்புக் குழாய் ஒன்று கொட்டகையில் கிடந்தது. ஒன்றேகால் இஞ்ச் விட்டம், ஐந்தடி நீளம். எஸ்டேட் ஆபீஸ் ரைட்டரிடம் சொல்லிவிட்டு எடுத்துவந்தார். மணலை இறுக்கி நிரப்பி, நெருப்பில் வாட்டி, மேல்பாகத்தைக் கொக்கின் கழுத்து மாதிரி வளைத்தார். வளைவு அழகாகவே வந்தது. அவர் அதை அழகு என்று நினைக்கவில்லை, நசுங்கவில்லை என்று நினைத்தார். மணலைக் கொட்டிக் கழுவி, கீழ்முனையில் ஒரு டம்மி வைத்துப் பற்றவைத்தார். ஏன் வைத்தார் என்று அவரைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டார். குழாய் என்றால் கீழே அடைக்க வேண்டும். சட்டைக்குப் பொத்தான் மாட்டுகிறவன் காரணம் யோசிப்பதில்லை.

பிறகு, பத்தொன்பது வருஷமாகப் பூட்டிய ஒவ்வொரு குழாய்க்கும் செய்ததை இதற்கும் செய்தார். வாய்வரை தண்ணீர் ஊற்றி, மேலேயும் மூடி போட்டு, ஒழுகுகிறதா என்று சோதித்தார். இரண்டு நாள் அது அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றது. அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, காலையும் மாலையும் குனிந்து தடவிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு இல்லே" என்று மரியசெல்வியிடம் அறிவித்தார்.

"நொம்ப சந்தோசமுங்க. வெளக்கு எப்ப எரியும்?"

"மொதல்ல ஒழுகாம இருக்கோணும்."

நான்காம் நாள் காங்கிரீட். தண்ணீர்த் தொட்டிக்கு எப்படி அடித்தளம் போடுவாரோ அப்படியே, சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்று கலந்தார். அச்சுக்கு மரியசெல்வியின் பெரிய அன்னக்கூடை. சோறு வடித்துக் கொட்டுகிற அந்த அகலமான பாத்திரத்துக்குள் எண்ணெய் தடவி, குழாயை நடுவில் நிறுத்தி, கலவையைக் கொட்டி, கரண்டியால் குத்திக் குத்தி இறுக்கினார். குழாயின் கீழ்முனை ஓர் அடி ஆழத்துக்குக் கலவைக்குள் போய்விட்டது. அடுத்த நான்கு நாளும் ஈரச்சாக்கைப் போர்த்தி, கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டார். எட்டாம் நாள் மதியம் அன்னக்கூடையைக் கழற்றினார். ராட்சதர்களுக்கு அவித்த இட்லி ஒன்றில் செம்புக் கொக்கு குத்தி நின்றது. விளக்குக்குக் குடையாக ஒரு பித்தளைப் புனலைத் தயாராக வைத்திருந்தார்.

நான்கு பேர் சேர்ந்து மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். கோயில் வாசலைத் தாண்டியதும் ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆகவே விளக்கு பீடத்துக்கு வலது பக்கம் போகாமல் இடது பக்கமே இறங்கியது. "விளக்கை நகத்த வேண்டாமுங்க, மேடையை நகத்திக்கலாம்" என்றார்கள். மேடை நகர்ந்தது.

ஏசுராஜ் வயர்ச் சுருளோடு வந்தான். விளக்கை ஒரு சுற்று சுற்றினான். குனிந்து அடியைப் பார்த்தான். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்குதுங்க மாமா. கரண்ட்டு எந்த வழியா உள்ள வருதுங்க?"

தேவசிகாமணியும் குனிந்து அடியைப் பார்த்தார்.

"வயரு உள்ள போறதுக்கு ஓட்டை எங்கீங்க?"

"அடியில..."

"அடியில?"

"அடைச்சுட்டேன்."

"எதுக்குங்க?"

"தொறந்து கெடக்கும்ல?"

மாதாவுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் வரைக்கும் ஏசுராஜின் சிரிப்பு கேட்டது. ஆனாலும் அவன் கெட்டவன் இல்லை. அக்காவுக்கு அந்த ஐந்து நிமிஷம் என்ன என்று அவனுக்கும் தெரியும். "செரி, காங்கிரீட்டுக்கு ஒட்டுனாப்புல பக்கத்துல ஓட்டை போட்டுக்கலாம். மேல வரைக்கும் வயரு போயிருமில்லீங்க?" என்று சொல்லி, கைத்துளைப்பானை எடுத்து, மண்டியிட்டுச் சுற்றத் தொடங்கினான்.

ஆறேழு சுற்றில் செம்பு விட்டது. விட்ட ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி ஏசுராஜின் சட்டையில் அடித்தது.

அவன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் நின்றது. மேல்மூடி இறுக்கமாக இருந்ததால் காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே வர முடியும். ஆகவே குழாய் 'கடக்' என்று ஒரு மடக்கு விழுங்கிவிட்டு, மறுபடி ஒரு வாய் துப்பியது. பிறகு 'கடக்'. மறுபடி ஒரு வாய்.

மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் அத்தாயியும் ஒருத்தி. மஞ்சக்குட்டையிலிருந்து, தெய்வம் எதுவானாலும் திருவிழா என்றால் வந்துவிடுகிறவள்.

"லைட்டுக் கம்பத்துல தண்ணி வருதா?" என்றாள் அத்தாயி.

"பைப்பு ஒழுகுதாட்டம் இருக்குது" என்றாள் ஒருத்தி.

அந்தச் சொல் தேவசிகாமணியின் காதில் விழுந்தது. அதுவரை அவர் நடந்ததை யோசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் விழுந்ததும் யோசனை நின்றுபோனது.

"ஒழுகலை!" என்று கத்தினார். "இது ஒழுகல் இல்லே! என் பைப்பு ஒழுகாது! பத்தொம்பது வருசமா ஒழுகுனதில்லே!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபிட்டரே சொல்கிறார், ஒழுகல் இல்லை என்று. ஒழுகல் இல்லையென்றால் பிறகு என்ன?

"எந்தக் கிறுக்கனாச்சும் லைட்டுக்குள்ள தண்ணி ஊத்துவானா?" என்று அத்தாயி பொதுவாக எல்லாரையும் கேட்டாள். அவள் கேள்விக்குப் பதில் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. "மாதா குடுக்கறதுங்க இது. பாட்டில் கொண்டாங்க!"

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பூச்சாடி, பாட்டில், தூக்குப்போசி எல்லாம் வந்தன. ஒருத்தி செபமாலையைத் தொடங்கினாள். செபம் ஒவ்வொன்றும் முடிகிற நேரத்துக்குக் குழாய் சரியாக ஒரு 'கடக்' சொன்னது. அத்தாயி ஒரு பாட்டிலை நிரப்பி, ஒரு வாய் குடித்து, மீதியை மலை உச்சியில் இருக்கிற சேர்வராயன் கோயிலுக்கும் கொண்டுபோவேன் என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். ஃபாதர் வந்தபோது முப்பது பேர் மண்டியிட்டிருந்தார்கள். ஈரச் சட்டையோடு ஏசுராஜ் மட்டும் சுவரோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் தான் இல்லை என்றும் புரிந்திருந்தது.

ஃபாதர் லூர்துராஜ் பயந்த சுபாவம். "தேவசிகாமணி, இது என்ன? ஒழுகலா?"

"ஒழுகல் இல்லீங்க ஃபாதர்."

"நிச்சயமா?"

"சத்தியமாங்க."

ஃபாதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்படின்னா இதை யாரும் தொடக் கூடாது. ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்கணும். அதுவரைக்கும் வயரும் வேண்டாம், பல்பும் வேண்டாம். நாளைக்குத் தேவகுமாரி மனப்பாடமா சொல்லட்டும்."

வாசலில் மரியசெல்வி நின்றிருந்தாள். கையில் வாசகப் புத்தகம், பழகிப் பார்க்க வந்திருந்தாள். ஃபாதர் சொன்ன கடைசி வாக்கியம் அவள் காதில் விழுந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குழாயைப் பார்த்தாள், ஈரத் தரையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். இரண்டு நாள் தன் அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றது எது என்று அவளுக்குத் தெரியும்.

மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, அந்தத் தண்ணியை வடிச்சீங்களா?"

தேவசிகாமணியின் முகம் மாறியதை அருகில் இருந்தவர்கள் பார்த்தார்கள். தெய்வ தரிசனம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மரியசெல்வி. "நீங்களே சொல்லுங்க."

சும்மா இருந்தால் போதும். மாதா தேர்ந்தெடுத்த ஃபிட்டர் என்று பெயர் வரும். பேசினால், ஊரிலேயே விளக்குக்குள் தண்ணீர் ஊற்றிய ஒரே ஆள். மனுஷன் தன் புத்திசாலித்தனத்தை விட்டுக்கொடுக்க ஓரளவு சம்மதிப்பான். தன் தொழிலில் கோமாளியாக அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்க மாட்டான். தேவசிகாமணி ஒரு முழு 'கடக்' நேரம் எடுத்துக்கொண்டார்.

"நான்தானுங்க ஊத்துனேன்."

செபமாலை நின்றது.

"ஒழுகுதான்னு பாக்க ஊத்துனேன். வடிக்க மறந்துபோட்டேன். அப்படியே காங்கிரீட்டு போட்டேன். அத்தாயி சொன்ன கிறுக்கன் நான்தானுங்க."

அத்தாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "எத்தன அடக்கமா சொல்றாரு பாருங்க!"

ஒருவரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்ன பிறகு அதை நிரூபிக்கவும் வேண்டியிருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. மரியசெல்விதான் வழி கண்டுபிடித்தாள். "எத்தன ஊத்துனீங்க?"

"ஒன்னேகால் லிட்டரு." இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "வாய் மட்டும் ஊத்துனேன். அளந்துதான் ஊத்துனேன்."

"எல்லாரும் தண்ணியைக் குடுங்க" என்றாள் மரியசெல்வி. "அளந்து பாத்துப்போடலாம்."

பால் அளக்கிற லிட்டர் குவளை வந்தது. ஃபாதரே அளந்தார். தேவசிகாமணி மேல்மூடியைக் கழற்றி, ரப்பர் குழாய் ஒன்றை அடிவரை விட்டு, ஓட்டைக்குக் கீழே தங்கியிருந்ததையும் உறிஞ்சி வடித்தார். தரையைத் துடைத்த துணியைப் பிழிந்தார்கள். ஏசுராஜின் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்கள். மொத்தம் ஒரு லிட்டர் இருநூறு.

"அம்பது கொறையுதே" என்றார் ஃபாதர், ஒரு சின்ன நம்பிக்கையோடு.

எல்லாரும் அத்தாயியைப் பார்த்தார்கள்.

"அது எம்பட வயித்துல இருக்குதுங்க" என்றாள் அத்தாயி. பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றாள்.

"பாய்லர் பைப்புங்க. கழுவித்தான் ஊத்துனேன்."

அற்புதத்துக்கு அளவு கிடையாது என்பார்கள். இதற்கு இருந்தது, ஒன்றேகால் லிட்டர். அதோடு விவகாரம் முடிந்தது. ஏசுராஜ் வெறும் பனியனோடு மண்டியிட்டு ஓட்டை வழியாக வயரை நுழைத்தான். மேலே பல்பு, அதன்மேல் பித்தளைப் புனல். இருட்டுவதற்குள் விளக்கு எரிந்தது. மங்கல்தான், ஆனால் கண்ணடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பனிமூட்டம் வழக்கம்போல் உள்ளே வந்து முதல் வரிசையில் நின்றது. கோயில் நிரம்பி வழிந்தது. மரியசெல்வி மேடைக்குப் போனாள். மஞ்சள் வெளிச்சம் புத்தகத்தின்மேல் வட்டமாக விழுந்தது. அவள் வாசித்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை. பொறுமை வருகிற இடத்தில் பொறுமை வந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், குரல் உயர வேண்டிய இடத்தில் உயர்ந்தது. அந்தக் கோயிலில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்று சொன்னால் அது மிகையாகாது. மிகை செய்யாமலே சொல்ல முடிகிற பாராட்டு அது ஒன்றுதான்.

வாசித்து முடித்துத் தலைநிமிர்ந்தாள். முழுக் கோயிலும் அவளுக்கு ஓர் அடி இடதுபுறம் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே, குழாயில், காங்கிரீட்டுக்கு ஒட்டினாற்போல் இருந்த ஓட்டையை. மறுபடி சொட்டுமா என்று.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் ஆள் கணவர்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"ஒரு சொட்டு இல்லே" என்றார் தேவசிகாமணி, முகமெல்லாம் மலர.

மரியசெல்வி நின்றாள். "நான் வாசிச்சதைப் பத்திக் கேட்டேனுங்க."

தேவசிகாமணி கொடிமரத்தைப் பார்த்தார். தேருக்குப் பூ கட்டுகிறவர்களைப் பார்த்தார். உதவி எங்கிருந்தும் வரவில்லை.

மரியசெல்வி அவர் கையைப் பிடித்துத் திரும்பக் கோயிலுக்குள் கூட்டிப்போனாள். எல்லாரும் தேரடிக்குப் போயிருந்ததால் உள்ளே யாரும் இல்லை. முதல் பெஞ்சில், விளக்கு கண்ணில் படாத ஓரத்தில் அவரை உட்காரவைத்தாள். மேடைக்குப் போய், புத்தகத்தைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள். தேவசிகாமணி கைகட்டி உட்கார்ந்து, கடைசிச் சொல் வரை கேட்டார்.